முன்வரிசைக்கு அழைக்கப்பட்ட மாணவர்



பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நமது மஹல்லாக்களில் ஒரு பட்டியல் எழுதப்படும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறிய நம் பிள்ளைகளின் பெயர், பள்ளி, மதிப்பெண், தந்தையின் பெயர் ஆகியவை அதில் இடம்பெறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குச் சால்வை போர்த்தி, கேடயம் வழங்கி, துஆச் செய்து அனுப்புவோம். அனகாபுத்தூரில் இவ்வாண்டு அந்தப் பட்டியலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாலை மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்பதால், எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கும் என்று நிர்வாகிகள் கருதினர். பத்தாம் வகுப்பில் 450க்கு மேல், பன்னிரண்டாம் வகுப்பில் 540க்கு மேல் பெற்றவர்களுக்கு மேடையில் நாற்காலி, ஏனையோருக்குக் கீழே இடம் என்பது ஏற்பாடு.

சென்ற ஆண்டும் இதுவே ஏற்பாடு. நாற்காலிகளை எண்ணிப் போட்டவன் நான்தான். இரவில் ஒரு சிற்றுண்டிக் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டே படித்து, கணக்குப் பாடத்தை உடனடித் துணைத்தேர்வில் எழுதித் தேறிய ஒரு மாணவன் அந்த விழாவுக்கு வந்தான். பின்வரிசையில் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு, பெயர் வாசிக்கும் முன்பே எழுந்து போய்விட்டான். மறுநாள் முதல் மத்ரஸாவுக்கும் அவன் வரவில்லை. இந்த நினைவோடு பட்டியலை மூடி வைத்துவிட்டு, பல ஆண்டுகளுக்கு முன் படித்த ‘அக்னிச் சிறகுகள்’ நூலை மீண்டும் எடுத்தேன். மர்ஹூம் அப்துல் கலாம் அவர்களின் பள்ளிப் பருவத்தை இம்முறை ஒரே ஒரு கேள்வியோடு படித்தேன். ஆசிரியர்கள் அவரை எங்கே உட்கார வைத்தார்கள்?

முதற்காட்சி இராமேசுவரம் தொடக்கப் பள்ளி. கலாம் 1931 அக்டோபர் 15ஆம் நாள் அத்தீவில், பள்ளிவாசல் தெருவில், ஜைனுலாப்தீன் ஆஷியம்மா தம்பதியரின் மகனாகப் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பில் தலையில் தொப்பியோடு முன்வரிசையில் அமர்ந்திருப்பார். அருகில் பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரி, கோயிலின் தலைமைக் குருக்களான இலட்சுமண சாஸ்திரியின் மகன். இருவரும் உயிர் நண்பர்கள். புதிதாக வந்த ஓர் ஆசிரியருக்கு இந்தக் காட்சி பொறுக்கவில்லை. முஸ்லிம் பையனை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். எழுந்து சென்ற கலாமின் மனம் துயருற்றது. முன்வரிசையிலேயே இருத்தப்பட்ட இராமநாதனோ அழுதுவிட்டார்.

வீட்டுக்குச் சென்ற இரு சிறுவரும் நடந்ததைச் சொன்னார்கள். இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பிஞ்சு நெஞ்சங்களில் வேற்றுமை நஞ்சைக் கலக்கலாகாது என்று கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுச் செல்ல வேண்டும் என்றும் சொன்னார். ஆசிரியர் வருந்தினார், பின்னர் மாறவும் செய்தார். அந்த ஆசிரியரின் பெயரைக் கலாம் தம் நூலில் எழுதவில்லை. அவர் அறியாமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பதை நாம் சொல்ல முடியாது. வேண்டுமென்றே விட்டார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி.

அதே ஊரில் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் இதற்கு நேர்மாறாக நடந்தார். ஆசாரம் மிக்க குடும்பத்தைச் சேர்ந்த அவர், கலாமைத் தம் வீட்டுக்கு உணவுண்ண அழைத்தார். அவருடைய மனைவி ஒரு முஸ்லிம் சிறுவனுக்குத் தம் சமையலறையில் பரிமாற மறுத்தார். ஐயர் கோபப்படவில்லை. தாமே பரிமாறி, சிறுவனின் பக்கத்தில் அமர்ந்து உண்டார். விடைபெறும்போது அடுத்த வாரமும் வரச் சொன்னார். சிறுவன் தயங்கினான், ஆயினும் சென்றான். இரண்டாம் முறை அந்த அம்மையாரே சமையலறைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் உணவு பரிமாறினார்.

உயர்நிலைப் பள்ளிக்காகக் கலாம் இராமநாதபுரம் சென்றார். சம்சுத்தீனும் ஜலாலுத்தீனும் உடன் சென்று, ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்து, தங்குமிடமும் ஏற்பாடு செய்தனர். சம்சுத்தீன் உறவினர், தீவில் செய்தித்தாள் விநியோகித்தவர். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நிற்காமற் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட தாள்கட்டுகளைப் பொறுக்கித் தந்து கலாம் தம் முதல் ஊதியத்தைப் பெற்றது இவரிடம்தான். ஜலாலுத்தீன் பதினைந்து வயது மூத்த நண்பர், பின்னர் சகோதரி ஜொஹராவை மணந்தவர்.

இப்பள்ளியின் பெயரைப் பற்றிச் சற்று சொல்ல வேண்டும். ஷ்வார்ட்ஸ் என்பவர் 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடி வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார். திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்து 1798இல் இறந்தார். தமிழோடு உருதும் பாரசீகமும் கற்றவர். 1779இல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் தூதனுப்ப விரும்பியபோது, இவரை நம்பிப் பேசலாம் என்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இவருக்கு மதிப்பளிக்கப்பட்டது. தஞ்சை இளவரசர் சரபோஜிக்கு ஆசானாக இருந்தவரும் இவரே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் பள்ளிகள் தோன்ற இவருடைய முயற்சி துணை நின்றது. ஆக, ஒரு கிறித்தவப் பாதிரியாரின் பெயர் தாங்கிய பள்ளியில், ஒரு முஸ்லிம் மாணவர், இந்து ஆசிரியரிடம் கணிதம் பயின்றார். அன்றைய இராமநாதபுரத்தில் இது விந்தையாகக் கருதப்பட்டதாகத் தெரியவில்லை.

புதிய ஊர் கலாமுக்கு எளிதாக இருக்கவில்லை. வீட்டு நினைவும், அம்மா செய்யும் போளியின் நினைவும் அவரை வாட்டின. அந்த நிலையில் அவருக்குத் துணை நின்ற ஆசிரியர் இயாதுரை சாலமன். விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் உணர்ந்து கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் தந்த பாடம். படகோட்டிப் பிழைப்போர் நிறைந்த தீவிலிருந்து வந்த ஒரு சிறுவனிடம், நீ விரும்புவதை அடைய முடியும் என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார் என்பதே பெரிய செய்தி. இதற்கு மேடையோ கேடயமோ தேவைப்படவில்லை.

இப்பள்ளியில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியைத்தான் நான் பலமுறை படித்தேன். ஒருநாள் கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர் வேறொரு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கலாம் கவனக்குறைவாக அந்த வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டார். ஆசிரியர் அவருடைய கழுத்தைப் பிடித்து, வகுப்பு முழுவதும் பார்க்கப் பிரம்பால் அடித்தார். சில மாதங்கள் கழிந்தன. கணிதத்தில் கலாம் முழு மதிப்பெண் பெற்றார். அப்போது காலை வழிபாட்டுக் கூட்டத்தில், பள்ளி முழுவதும் கூடியிருக்க, அதே ஆசிரியர் எழுந்து அன்று தாம் அடித்த கதையைத் தாமே சொன்னார். தம்மிடம் அடிவாங்கியவர்கள் பெரியவர்களாவது வழக்கம் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, இந்தப் பையன் பள்ளிக்கும் ஆசிரியர்களுக்கும் புகழ் சேர்ப்பான் என்று முன்னுரைத்தார்.

அடித்ததை நான் ஆதரிக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. தடை செய்யாதிருந்தாலும் ஆதரிக்க மாட்டேன். நான் ஓதிய மத்ரஸாவில் சுவரோரம் பிரம்பு சாத்தியிருக்கும். அதன் பயத்தில் மனனம் செய்தவை பல இன்று எனக்கு நினைவில் இல்லை, பிரம்பின் நிறம் மட்டும் நினைவிருக்கிறது. ஆயினும் இராமகிருஷ்ண ஐயர் காலைக் கூட்டத்தில் செய்ததை ஆராய்ந்து பார்க்கலாம். ஒரு வகுப்பின் முன் நேர்ந்த அவமானத்தை, ஒரு பள்ளி முழுவதின் முன் அவர் துடைத்தார். இழிவுபடுத்திய வட்டம் சிறியது, பாராட்டிய வட்டம் பெரியது. வெறும் மதிப்பெண்ணை மட்டும் வாசித்துவிட்டு இறங்கியிருந்தால் கூட்டம் கைதட்டிவிட்டு மறந்திருக்கும். அடித்த கதையையும் சேர்த்துச் சொன்னதால், அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்பது அனைவருக்கும் புலப்பட்டது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லைதான். கையில் பிரம்பு வைத்திருந்த ஒரு தலைமுறை ஆசிரியரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் கடினம்.

1950இல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். இயற்பியலில் பட்டம் பெற்ற பின்னர், தாம் தேடியது பொறியியலே என்று உணர்ந்து, சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அதாவது நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அனகாபுத்தூர்ப் பிள்ளைகளுக்கு இதை நினைவூட்ட வேண்டும். பம்மல், நாகல்கேணி வழியாகச் சென்றால் சில கிலோமீட்டர் தொலைவு. குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற ஊரில், 1949இல் சி. இராஜம் என்ற தொழிலதிபர் தம் மாளிகையை விற்று நிறுவிய கல்லூரி அது. விமானவியல், மோட்டார் வாகனவியல், மின்னணுவியல், கருவியியல் ஆகிய துறைகளை நம் நாட்டில் பலரும் கேள்விப்படாத காலத்தில் அங்கே கற்பித்தனர். 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் செல்லும் நம் பிள்ளைகள் அதன் வாயிலை நாள்தோறும் கடக்கிறார்கள்.

இடம் கிடைத்தது, பணம் இல்லை. சேர்க்கைக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். அது அந்தக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம் சொந்த உழைப்பில் ஈட்டிய பணத்தால் அவற்றை மீட்பேன் என்று கலாம் அன்று உறுதி பூண்டார். அந்த அம்மையாருக்கு எந்த ஊரிலும் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள்.

கல்லூரி வளாகத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு விமானங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. ஏனைய மாணவர் விடுதிக்குத் திரும்பிய பின்னும் கலாம் அவற்றின் அருகே அமர்ந்திருப்பார். விமானவியலையே தம் துறையாகத் தேர்ந்தெடுத்தார். தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியில் அவருடைய பகுதி மந்தமாக நடந்தபோது, இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு விதித்தார், தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவுணவையும் விட்டு வரைபலகையின் முன் அமர்ந்தார். ஞாயிறன்று பின்னால் யாரோ நிற்பதை உணர்ந்து திரும்பினால், டென்னிஸ் உடையில் அதே பேராசிரியர். மாணவன் என்ன செய்கிறான் என்று பார்க்க விடுமுறை நாளில் நேரில் வந்திருந்தார். பணி முடிந்திருப்பதைக் கண்டு முதுகில் தட்டிப் பாராட்டினார்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒன்றைத் தனியே குறிப்பிடுகிறேன். எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே உருவாக்குவோம் என்ற கருத்தில் கலாம் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். இந்தியாவின் ஏவுகணைத் திட்டத்தை நடத்தியவர், விமானம் பற்றி எழுதி மாணவப் பருவத்தில் பெற்ற பரிசு தமிழுக்குக் கிடைத்த பரிசு.

இனி கடைசிக் காட்சி. பிரிவுபசார நாளில் மாணவர்கள் மூன்று வரிசையாக நின்றனர். முன்னால் பேராசிரியர்கள் அமர்ந்திருந்தனர். நிழற்படம் எடுக்கும் நேரம். ஆஸ்திரியரான பேராசிரியர் ஸ்பாண்டர் திடீரென எழுந்து யாரையோ தேடினார். மூன்றாம் வரிசையில் நின்ற கலாமைக் கண்டு, முன்னால் வந்து தம்மோடு அமருமாறு அழைத்தார். தம் சிறந்த மாணவன் அவரே என்றும், கடும் உழைப்பு அவரை ஆசிரியர்களுக்குப் பெருமை தேடித்தருபவராக்கும் என்றும் கூறினார். கலாம் கூச்சத்தோடு சென்று அமர்ந்தார்.

இராமேசுவரத்தில் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு, குரோம்பேட்டையில் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு. இரண்டையும் செய்தவர்கள் ஆசிரியர்களே. நூலை முன்பு படித்தபோது இவ்விரு நிகழ்ச்சிகளையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

நம் வரலாற்றிலும் இப்படியொரு முன்வரிசை அழைப்பு உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பத்ருப் போரில் பங்கெடுத்த மூத்த தோழர்களின் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர்த்துவார்கள். எங்களுக்கும் இவ்வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே, இவரை மட்டும் ஏன் எங்களோடு சேர்க்கிறீர்கள் என்று முறையீடு எழுந்தது. உமர் (ரலி) அவர்கள் விளக்கம் சொல்லி வாதிடவில்லை. ஒருநாள் அனைவரையும் கூட்டி, அந்நஸ்ர் அத்தியாயத்தின் பொருள் என்னவென்று கேட்டார்கள். மூத்தோர் சிலர் வெளிப்படையான பொருளைச் சொன்னார்கள், சிலர் மௌனம் காத்தார்கள். இளைஞர் இப்னு அப்பாஸ், அது நபி (ஸல்) அவர்களின் மறைவு நெருங்கியதை அறிவிப்பது என்று விடையளித்தார். தாமும் அவ்வாறே அறிந்திருப்பதாக உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி. இருக்கை முதலில் தரப்பட்டது, தகுதி பின்னரே எல்லார்க்கும் தெரிந்தது.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றதால்தான் இராமகிருஷ்ண ஐயருக்கும் அந்தக் கதையைச் சொல்லும் வாய்ப்பு வந்தது. ஆனால் வெட்டுக்கோடு எங்கே விழுகிறது என்பது வேறு செய்தி. பட்டம் பெற்று, பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பயிற்சியும் முடித்த கலாம், விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். 25 பேரில் 9ஆம் இடம். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 8 பேர். ஓர் இடம் தவறியதால் சிறுவயது முதல் கண்ட வானோட்டிக் கனவு அன்றோடு முடிந்தது. அந்தப் பட்டியலை எழுதியவர் தவறு செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு இடம்தான் இருந்தது. விமானப்படைக்கு அப்படிக் கணக்கு உண்டு. நம் மேடையில் நாற்காலிக்கு என்ன கணக்கு?

தமிழ்நாட்டு அரசும் இக்கேள்வியை ஒருமுறை கேட்டது. 2017 முதல் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் முடிவு வெளியான காலையில் முதலிடம் பெற்ற பிள்ளைகளின் வீட்டு வாசலில் செய்தியாளர் கூட்டம் நிற்கும், வாயில் இனிப்பு ஊட்டும் படம் மறுநாள் நாளிதழில் வரும். அரசு நிறுத்திய பிறகு ஃப்ளெக்ஸ் பேனர்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. நம் தெருக்களும் விலக்கல்ல. சென்ற ஆண்டு மத்ரஸா வாசலில் கட்டியதன் வாசகத்தை எழுதித் தந்ததும் நான்தான், மறுக்கவில்லை.

கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோது மறைந்தார். இராமேசுவரம் பேக்கரும்பில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த நாளை அரசு இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது. அன்று நம் பள்ளிகளில் அவருடைய படத்துக்கு முன்னால் பேச்சுப் போட்டி நடக்கும். பேசும் பிள்ளைகள் ஏவுகணையைப் பற்றியும் கனவைப் பற்றியும் பேசுவார்கள். ஜொஹராவின் வளையலைப் பற்றி ஒரு பிள்ளையாவது பேசக் கேட்டதில்லை.

பட்டியலை நேற்று மீண்டும் எழுதினேன். தேறிய அனைவரின் பெயரும் அகர வரிசையில் இருக்கிறது, துணைத்தேர்வில் தேறியவர்களும் உட்பட. மதிப்பெண் வாசிக்கப்படும், அதிகம் பெற்றவர்க்குரிய பரிசும் உண்டு, ஆனால் இருக்கை வேறுபாடு இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்தப் பிள்ளை படிக்க வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன். அதை நானாக எழுத முடியாது, வீடு வீடாகச் சென்று கேட்க வேண்டும். ஒரு வீட்டில் தாயார், பிள்ளையின் தனிப்பயிற்சிக் கட்டணத்துக்காகத் தையல் இயந்திரத்தை விற்றதைச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் மைக்கில் படிக்காதீர்கள் ஹஜ்ரத் என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

நிர்வாகிகளில் மூத்தவர் பட்டியலைப் பார்த்தார். மேடையில் இத்தனை பேருக்கு இடமிருக்காதே என்றார். நியாயமான கேள்விதான். மேடையே வேண்டாம், பிள்ளைகள் அனைவரும் கீழே முன்வரிசையில் அமரட்டும், நாம் அவர்களுக்குப் பின்னால் அமர்வோம் என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, வாடகை நாற்காலி எத்தனை என்று கேட்டார்.

சிற்றுண்டிக் கடை மாணவனின் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் செல்ல இருக்கிறேன். சென்ற ஆண்டு அவன் பெயரை வாசிக்காமல் தாளை மடித்து வைத்தவன் நான் என்பதால், விழாவுக்கு அழைப்பதற்கு முன் அவனிடம் பேச வேண்டியது வேறு இருக்கிறது.